சித்தியின் சொந்த ஊர்

சித்தப்பாவும் சித்தியும் சிகாகோவிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்தது, நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டின் அரையாண்டு விடுமுறையில். அவர்களுடைய மூன்று வயது மகளுக்கு ஆத்தூரில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்த வேண்டும். சித்தி வெள்ளைக்காரர். எங்கள் தெருவில் ஒருவரும் அதை மரியாதைக்காகக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

சிக்கல் அழைப்பிதழில்தான் வந்தது. எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னால் ஊர் நிற்க வேண்டும். தந்தை வழித் தாத்தாவுக்கு ஆத்தூர் என்று போட்டாயிற்று. தாய் வழித் தாத்தாவுக்குச் சித்தப்பா ‘சிகாகோ மில்லர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அச்சகத்திலிருந்து புரூப் வந்ததும், அப்பாவின் அக்காவான அத்தை அந்த வரியில் விரலை வைத்தார்.

“சிகாகோ இருக்குற ஊருல்ல? நீயும்தான் அங்கன இருக்க. ஒம்பேருக்கு முன்னால சிகாகோன்னா போட்டோம்? அவளுக்குச் சொந்த ஊரு எதுன்னு கேளுப்பு.”

சித்தப்பா ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றார் சித்தி.

“தெரியாதாமா? அய்யலூர் சந்தைக்கு வார ஆட்டுக்குட்டிக்கே எந்த ஊருக் குட்டின்னு கேட்டுத்தான வாங்குறோம்!”

இதைச் சித்தப்பா மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சித்தியின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

பின்னாளில் சித்தி சொல்லி நான் குறித்துவைத்தது இது. அவருடைய தாத்தா ஜெர்மனியில் ஒரு கிராமத்திலிருந்து சிகாகோவுக்குப் போய் ரொட்டிக்கடை வைத்தவர். ஜெர்மனியோடு போர் மூண்டபோது கடைப் பலகையில் பெயரை மாற்றினார். வீட்டில் இனி அந்த மொழி பேசக் கூடாது என்றார். ஊர்ப் பேச்சும் அதோடு நின்றது. சித்தியின் அப்பா அப்போது பள்ளிச் சிறுவன். சித்தி சிறுமியாக இருந்தபோது ஒருமுறை, நாம் எங்கிருந்து வந்தோம் என்று கேட்டாராம். அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாராம். அதன் பிறகு சித்தி கேட்டதே இல்லை. காதுகுத்துச் சமயத்தில் அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரை விட்டால் கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது.

சித்தி அன்றே அவருக்குப் போன் செய்தார். கேள்வியைக் கேட்டதும் இணைப்பு அறுந்தது. ‘லைன் சரியில்லை’ என்று எங்களிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

இரண்டு நாள் போனது. அச்சகக்காரர் என் அப்பாவைக் கூப்பிட்டு, “புரூப் அப்படியே கெடக்கு சார். சிகாகோன்னே அடிச்சிரவா?” என்று கேட்டார். அடித்துவிடலாம் என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றது சித்திதான். தன் மகளின் அழைப்பிதழில் தன் பக்கம் மட்டும் வெறும் விலாசமாக நிற்கக் கூடாது என்றாராம்.

இரண்டு நாள் கழித்துச் சித்தியின் அப்பாவே கூப்பிட்டார். சித்தப்பா அது செவ்வாய்க்கிழமை என்கிறார். அச்சகத்தின் ஞாயிறு விடுமுறைக்கு அடுத்த காலை என்று எனக்கு நினைவிருப்பதால் திங்கள் என்பதே சரி. இங்கே காலை ஆறரை, அங்கே முந்தின நாள் மாலை ஏழு. போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேனாவையும் தாளையும் என்னிடம் கொடுத்தார்கள்.

ஊர்ப் பெயரை முதலில் சொன்னார்: லிண்டன்பாக். எழுதிவிட்டேன். பிறகு குடும்பப் பெயர். அது மில்லர் இல்லையாம், மாற்றுவதற்கு முன்பு வேறாம். அவர் சொன்னதைக் கேட்டு ‘முல்லர்’ என்று எழுதி வாசித்தேன். இல்லை என்றார். ‘மியுல்லர்’ என்றேன். அதுவும் இல்லை. சித்தி சொன்னதும் சரியில்லை. கடைசியில் சித்தியின் அப்பா வழி சொல்ல, சித்தப்பா தமிழில் சொன்னார்: வாய்க்குள் ‘இ’ சொல்ல வேண்டும், உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவிக்க வேண்டும்.

வீடே உதட்டைக் குவித்தது. அத்தையும் குவித்தார்.

“மதினி, விசிலடிக்கப் போறவுக மாதிரில்ல இருக்கீக!” என்றாள் அம்மா.

“சும்மா இருத்தா. சம்பந்தி பேரு. தப்பாச் சொல்லப்படாது.”

முதலில் எனக்குத்தான் வந்தது. உடனே போனில் சித்தியின் அப்பா, இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். ஆறு முறை சொன்னேன். விரல் விட்டு எண்ணியதால் எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு முறையும் எங்கோ தப்பு விடுகிறேன் என்று நினைத்து உதட்டை இன்னும் இறுக்கினேன். ஏழாவது முறை கேட்டபோது அழுகை வந்துவிட்டது. “போங்க சித்தி, எனக்கு வரல” என்று போனை நீட்டினேன். சித்தி அதை வாங்கவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார்.

அழைப்பிதழில் ‘லிண்டன்பாக் முல்லர்’ என்றே அச்சானது. அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை என்றார் அப்பா. நான் தோற்றுப்போனதை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அதற்கு முன்பு அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் தன் அப்பா கடைசியாகக் கேட்டது ஏழு வயதில் என்று சித்தி என்னிடம் சொன்னது, நான் கல்லூரி முடித்த பிறகுதான்.