பன்னும் ஊசியும்

எண்பதுகளின் கடைசி. என் தகப்பனாருக்கு, அதாவது எங்கள் அத்தாவுக்கு, பழவேற்காட்டில் இறால் வியாபாரம். சர்க்கரை முற்றியதால் தினமும் இன்சுலின் ஊசி; அம்மாதான் போடுவாள். பன், இனிப்பு எதையும் கண்ணில் காட்ட மாட்டாள்.

பொன்னேரி மருந்துக்கடையில் யாரோ, "இது மாட்டுல இருந்தோ பன்னியில இருந்தோ எடுக்கிறது பாய்" என்று போட்டு உடைத்துவிட்டார். அன்றோடு அத்தா ஊசியை நிறுத்தினார். உயிருக்கு ஆபத்தென்றால் பாவமில்லை என்று பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லியும் கேட்கவில்லை. அவர் பிடிவாதம் உடும்புப் பிடி.

பிறகு மீன் ஏலத்தில் கெளுத்தி மீனின் முள் காலில் ஏறியது. புண் ஆறாமல் கறுத்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், சர்க்கரை இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். புது இன்சுலின் வந்திருக்கிறது; மாடும் இல்லை, பன்றியும் இல்லை. ஈஸ்ட் என்ற பூஞ்சைக்கு மனித இன்சுலின் செய்யக் கற்றுக்கொடுத்து, அது செய்ததை மட்டும் பிரித்தெடுக்கிறார்களாம்.

அத்தா நிமிர்ந்தார். "ஈஸ்ட்டுன்னா இன்னாம்மா? கள்ளு நுரைக்குமே, அதுவா?"

"அதே வகைதான். ஆனா மருந்துல ஈஸ்ட்டும் இல்ல, போதையும் இல்ல. ரொட்டி, பன்னு உப்புறதும் அதாலதான்."

அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கள்ளை ஏன் ஒப்புக்கொண்டார் என்று டாக்டரம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்தில் நின்ற அம்மா குறுக்கிட்டாள். "தெனமும் டீயில முக்கித் துன்றீங்களே பன்னு, அது எதுல உப்புச்சாம்?"

"பன்னா? நான் எங்க துன்னேன்?"

"சட்டையில ஒட்டிக்கினு வர்ற துணுக்கத் தட்டித் தோய்க்கிறது யாரு? அந்த ஆசையாவது இருக்கட்டும்னுதான் இத்தினி வருசமா கேக்காம இருந்தேன். இப்போ காலே போவப் போவுதுங்க." அம்மாவின் குரல் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அத்தா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "நீயே போடு" என்றார்.

ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. பன் மட்டும் அன்றோடு சரி.