இறக்கைக்குத் துணி போட்டவள்

சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை மூடியபோது என் கணவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவர், நோய்த்தொற்று பரவியதும் அங்கேயே மற்றவர்களோடு ஓர் அறையில் தங்கும்படி ஆகிவிட்டது. வீட்டில் நானும், கட்டிலுக்கடியில் அவர் வாங்கிப் போட்டிருந்த நீளமான பெட்டியும் மட்டும் இருந்தோம்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு மாதிரி விமானம். எஞ்சின் கிடையாது, காற்றிலேயே மிதக்கும் வகை; கீழே நின்று ரிமோட்டால் திருப்பலாம். செய்து முடித்தால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை நாலு மீட்டர் வரும். ஆசையாய் வாங்கினாரே தவிர, அதைத் திறக்கக்கூட அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

நான் பல் கட்டும் லேப்பில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பல் செதுக்குவது, அரத்தால் ராவுவது, பளபளப்பு ஏற்றுவது. லேப்பையும் மூடிவிட்டார்கள். கை சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் பெட்டியை வெளியே இழுத்தேன். பேப்பர்போல லேசான பால்சா மரப் பலகைகள், மெல்லிய ஒட்டுப்பலகைகள், மேசையைவிடப் பெரிய வரைபடம். "நீ வேணா ஆரம்பியேன், பொழுது போகும்" என்றார் போனில்.

அன்றிலிருந்து அவர் பேசியதெல்லாம் விமானத்தோடுதான்.

"இன்னைக்கு எது வரைக்கும் ஒட்டின? காட்டு."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் லா. அந்த மூக்குப் பக்கம் காட்டு. இன்னும் கிட்ட."

ஒருநாள் தலைவாரி, பொட்டு வைத்து, தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அது இடது பக்க றெக்கையா?" என்றார். போனை வைத்துவிட்டு அந்த இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துண்டுகளின் மேல் ஒரு பெண்ணுக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனாலும் விடவில்லை. விலா எலும்புபோல வரிசையாய் நிற்கும் சட்டங்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி, ஊசி குத்தி, பசை வைத்தேன். மரத்தூள் தலையெல்லாம் படிந்தது. எந்தச் சட்டம் கொஞ்சம் குட்டை, எது ஈரத்தில் உப்பும் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அது என்னுடையதாகிவிட்டது. அவர் "காட்டு" என்றால், "இருட்டா இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

கடைசி வேலை துணி போர்த்துவது. பின்பக்கம் பசை தடவிய மெல்லிய துணி. சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மரத்தில் ஒட்டும், இன்னும் சூடு காட்டினால் சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாய்ச் சூடு வைத்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். ஓரங்களை ஒட்டி, மூலைக்கு மூலை இழுத்து, சுருக்கத்தை நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போவேன். கடைசிச் சுருக்கம் மறையும்போது துணிக்கடியில் சட்டங்களின் நிழல் எழும்பி வரும். அந்த வேலையில் இருந்தபோது யாரையும் நினைக்கவில்லை.

பாலம் திறந்து அவர் வந்தார். நியாயமாய்ச் சொல்ல வேண்டும், முதலில் என்னைத்தான் கட்டிப்பிடித்தார். மெலிந்து போயிருந்தார். தேநீர் குடித்துவிட்டுத்தான் ஹாலுக்குப் போனார். வலது இறக்கையின் மேல்பக்கம் மட்டும் துணி போடாமல் பாக்கியிருந்தது.

"இத நான் பண்றேன் மா" என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"வேணாம். பாதியில கை மாறினா தெரியும்" என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். முகம் லேசாய் வாடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பறக்கவிட்ட இடம் பெக்கான் நானாஸ் பக்கம், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானப் பைத்தியங்கள் அங்கே கூடுவார்கள். நீளமான ரப்பர் கயிற்றில் மாட்டி இழுத்துவிட்டதும் என் விமானம் சத்தமே இல்லாமல் மேலேறியது. வெயில் துணியை ஊடுருவ, உள்ளே சட்டங்கள் தெரிந்தன. ரிமோட் அவர் கையில்.

"அண்ணே, ஃபினிஷிங் செம்ம லா. எவ்ளோ நாளாச்சு?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஒரு வருஷத்துக்கு மேல" என்றார் இவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான். பொய் இல்லை. ஆனால் யார் செய்தது என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் குடையைப் பிடித்தபடி நின்றேன். அவர் விரல் அசைந்தால் அது திரும்புகிறது. இத்தனை மாதம் என் கையில் கிடந்தது, அவர் பேச்சை இப்படிக் கேட்கிறதே என்று வயிறு எரிந்தது.

"எனக்கு ஒரு தடவ குடுங்களேன்."

"இன்னைக்குக் காத்து சரியில்ல. அடுத்த வாரம்."

அடுத்த வாரமும் காற்று சரியில்லை. அதற்கடுத்த வாரமும். அவர் வேலைக்குப் போன நேரங்களில் கம்ப்யூட்டரில் ரிமோட் விமானம் ஓட்டிப் பழகினேன், அவருக்குச் சொல்லாமல். பிறகு ஒரு ஞாயிறு, அவர் விமானத்தின் உடல்பகுதியை மட்டும் காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது, கழற்றி வைத்திருந்த இரண்டு இறக்கைகளையும் என் துணி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"றெக்கை எங்க?"

"நான் ஓட்டுறதா இருந்தா வரும்."

"நீ ஓட்டிப் பழக்கமில்லயே. விழுந்துட்டா?"

"விழுந்தா நான் செஞ்சதுதான விழும்."

கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம், "அங்க ரூம்ல படுத்துக்கிட்டு நெனப்பேன். நான் ஆசப்பட்டது, நீ தொட்டுக்கிட்டிருக்க. எனக்கு மட்டும் எரியலன்னு நெனைக்கிறியா?" என்றார். நான் சாவியைக் கொடுத்தேன்.

அன்றைக்கு உயரத்தில் வைத்து ரிமோட்டை என் கையில் தந்தார். என் கட்டை விரலின் மெல்லிய அசைவுக்கு அது மெதுவாய்ச் சாய்ந்தது. மேலெழும் காற்றில் பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன்; அடியிலிருந்து யாரோ தூக்குவதுபோல விமானம் மேலே போனது. ரிமோட்டுக்காக அவர் கை நீண்டது. தோளைத் திருப்பிக்கொண்டேன்.

இறக்கத் தெரியவில்லை. புல்வெளியைத் தாண்டி அன்னாசிப் பாத்தியில் போய்ப் படுத்தது. முள் இலைகள் இடது இறக்கையின் அடித்துணியை நீளமாய்க் கிழித்திருந்தன. சட்டம் எதுவும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்து, "இதையாவது நான் செய்யட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன். அவர் ஒட்டுத்துணி வெட்டினார், தேய்த்தார். ஓரம் கோணல். சூடு ஒரே இடத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியை வாங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது விமானம் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. இருவரும் மாறி மாறி ஓட்டுகிறோம், இருவருக்கும் காரணம் தெரியும்.

போன மாதம் அவர் தனக்கென்று இன்னொன்றை ஆரம்பித்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் முதல் விலாச் சட்டத்தைத் தேய்த்து முடித்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. துணி காயப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கம் போய்விட்டேன்.