கயிறு பிடித்தவரின் பங்கு

"கடலைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா.

பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அதுதான். முப்பத்தொரு வயதுப் பெண் தானாகவே ஒருவரைப் பார்த்து, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றால், அப்பா என்று இருப்பவர் கத்தலாம், அல்லது சரி என்று சொல்லலாம். கடலைப் பார்க்க வேண்டும் என்று எந்த அப்பாவாவது கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்புக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன். அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்.

நான் சொன்ன ஆள் பேசாலைக்காரர். கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்காரர். மன்னார் ரவுணில் நான் வேலை செய்யும் புடவைக் கடைக்குக் கோயில் திருநாளுக்குப் போட ஒரு சேட் வாங்க வந்தார். அந்த ஒரு சேட்டை மூன்று தடவை மாற்றிக்கொண்டு போனார். முதல் தரம் அளவு பெரிது, இரண்டாம் தரம் நிறம் சரியில்லை, மூன்றாம் தரம் காரணம் சொல்லவும் வராமல் நின்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் எங்கள் கதை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் போனது.

அவர்கள் மாதா கோயில் வேதக்காரர், நாங்கள் சைவம். அதற்காகத்தான் அப்பா மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. கடல்தான் அவருக்குப் பிரச்சினை. அப்பா மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருடைய குடும்பம் முருங்கன் பக்கம் வந்தபோது அவருக்கு ஆறு வயது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் வயலில் நாட்கூலி. பிந்தித்தான் சொந்தமாக இரண்டு ஏக்கர் வந்தது. கடலில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இத்தனை காலம் வாழ்ந்தும் கடற்கரை மண்ணை மிதித்ததில்லை. அரசாங்கக் கந்தோர் அலுவலாக ரவுணுக்குப் போனாலும் கடலுக்கு மேலே போகும் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார்.

"வயலுக்குப் போனவன் எங்க நிக்கிறான்னு வரம்புல நின்னு பாத்தாத் தெரியும். கடலுக்குப் போனவன எங்கன்னு பாக்கிறது?" என்று ஒருநாள் தனக்குத்தானே சொன்னார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பயந்தது எனக்கு விளங்கியது. விளங்கினாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தை மாதத்து முழுநிலவுப் போயா நாளில் கடைக்கு லீவு கிடைத்தது. என்னுடைய ஸ்கூட்டியில் அப்பாவைப் பின்னால் ஏற்றினேன். வெளுத்த வேட்டி, பெட்டிக்குள் இருந்த கோடு போட்ட சேட். புறப்படும் நேரத்தில் உள்ளே போய் ஐந்து கிலோ அளவில் ஒரு துணிப்பையைத் தூக்கி வந்தார். போன போகத்து ஆட்டக்காரி அரிசி, எங்கள் வயலில் விளைந்தது.

"இது யாருக்கு?"

"புடிச்சிருந்தா அவங்களுக்குக் குடுப்போம். இல்லேன்னா திருப்பிக் கொண்டாந்துருவோம். அரிசி என்ன கெட்டா போயிரும்?"

என்னுடைய வாழ்க்கையை ஒரு துணிப்பைக்குள் போட்டு ஸ்கூட்டியின் முன் கொளுக்கியில் மாட்டிவிட்டார். வழி முழுக்க அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

பாலத்தில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது.

"தோளை விடுங்கப்பா, அது எனக்கும் வேணும்."

"நீ ரோட்டப் பாரு புள்ள."

கண்ணாடியில் பார்த்தேன். பயந்துபோய் இருந்தாலும் இந்த முறை கண்ணை மூடவில்லை. இரண்டு பக்கத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். ரவுணில் நடு வீதியில் நின்ற கழுதைகளுக்காக நான் ஹோர்ன் அடித்தபோது, அதுகளும் போகட்டும் என்று எனக்கே புத்தி சொன்னார். தலைமன்னார் வீதியில் பனைகளுக்கு மேலே காற்றாலைகள் தெரிந்ததும், "இதுக்கெல்லாம் யாரு ஏறி எண்ணெ போடுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பேசாலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெற்குப் பக்கமாக மணல் பாதையில் திரும்பினோம். ஸ்கூட்டி இரண்டு தரம் புதைந்தது. இரண்டு தரமும் அப்பாதான் இறங்கித் தள்ளினார்.

கரைவலைக்காரர் தங்கும் வாடிக்குப் பக்கத்துப் பனையடியில் ஸ்கூட்டியை விட்டோம். "பை அங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

பனைகளைத் தாண்டியதும் கரை. கிழக்கே பார்த்தாலும் மணல், மேற்கே பார்த்தாலும் மணல், இடையில் ஒரு கல் இல்லை, ஒரு மேடு இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வயலுக்குள் இறங்கும்போதும் அப்படித்தான் செய்வார். கடலை விட்டுவிட்டு மணலைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இவ்வளவு நிலத்துல ஒண்ணும் போட முடியாதே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

வலை வளைத்தாயிற்று. இரண்டு கயிறும் கரைக்கு வந்து, கயிற்றுக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பட்டியைக் கட்டி, அதைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடக்கிறார்கள். நான் சொன்ன ஆளும் அதில் ஒருவர். கயிற்றை விட்டு வரமுடியாது. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வலைக்குச் சொந்தக்காரர், அவர்கள் சொல்வதுபோல சம்மாட்டி, அவருடைய தாய்மாமன். "வாங்கோ ஐயா, வெய்யிலுக்க நிக்காமல் வாடிக்குள்ள இருங்கோ" என்று கதிரையும் எடுத்துப் போட்டார். அத்தனை பேருக்கும் நாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்று தெரியும். தெரியாததுபோல இருந்தார்கள்.

அப்பா கதிரையில் பத்து நிமிடம் இருந்திருப்பார். பன்னிரண்டு பேர் வேர்வை சிந்தும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்க்க அவருக்கு வராது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். யாரையும் கேட்காமல் ஒரு கயிற்றின் கடைசியில் போய்ப் பிடித்தார். அதே கயிற்றில், நாலு பேருக்கு முன்னால் என்னுடைய ஆள் இருந்தார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தார்கள். நான் கதிரையில் இருந்து, பின்னுக்கு நடந்து வரும் இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய இரண்டு பேரும் ஒரே கயிற்றில். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்த நேரங்கள் குறைவு.

வலையின் மடி கரையேறியது. சாளையும் காரலும் துள்ளின, நடுவில் கொஞ்சம் பாரை. அப்பா குனிந்து பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். மீனைப் பிரித்த பிறகு கயிற்றைத் தொட்ட எல்லோருக்கும் கறிக்கு மீன் கொடுப்பார்கள். தெருவால் போனவர் வந்து பிடித்தாலும், கோயில் சுவாமியாரே வந்து பிடித்தாலும் கொடுப்பார்கள். அது அந்தக் கரையின் வழக்கம். சம்மாட்டி தானே தேடி நாலு பாரையை எடுத்தார், கடல் தண்ணீரில் அலசினார், இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ ஐயா, கறிக்கு."

அப்பா ஒரு அடி பின்னால் போனார். நெஞ்சில் கையை வைத்தார். "வேணாங்க. நான் சும்மாதான் புடிச்சேன்."

"அப்பிடிச் சொல்லக்கூடாது ஐயா. பிடியுங்கோ."

"இல்லீங்க, வேணாம்."

சம்மாட்டியின் நீட்டிய கை கீழே இறங்கியது. பிறகு மீனைக் குவியலில் போட்டுவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பி வலையை உதறப் போனார்கள். என்னுடைய ஆள் என்னை ஒருமுறை பார்த்தார். கேள்வியே இல்லாத பார்வை. பிறகு தோணிப் பக்கம் நடந்தார். "பிள்ளை, வெய்யில் ஏறுது, ஐயாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் சம்மாட்டி. அதில் மரியாதைக்குக் குறைவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. தோணிப் பக்கம் நடந்தவர் முன்பு ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். கயிறு பிடித்தவன் மீனைத் தொடாமல் போனால், உங்களோடு எனக்கு இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவதாக அர்த்தம். கோபித்துக்கொண்டு பிரிகிற அண்ணன் தம்பிதான் அப்படிப் போவார்களாம். அதை அப்பாவிடம் சொல்லிவைக்க இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

பனையடிக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா கொளுக்கியில் இருந்த அரிசிப் பையைக் கழற்றினார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"பிடிக்கலன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! பன்னெண்டு பேருக்கு முன்னால அந்த மனுசன் மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லணுமா?"

"யாரு புடிக்கலன்னா?" அப்பா பையோடு நின்றார். "எதுக்கு அழுவுற?"

"அப்ப ஏன் மீனை வாங்கல?"

என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பொழுது சாஞ்சாக் கைய நீட்டிக் கூலி வாங்கினவன் நான், புள்ள. வாங்கிட்டா அத்தோட முடிஞ்சுது, அவன் யாரோ நாம யாரோ. வாங்காம வந்தாத்தான், நாளைக்கு நம்ம வயல்ல வேலைன்னா அவங்க வந்து எறங்குவாங்க. மனுசனுக்கு மனுசன் அப்பிடித்தானே. சம்பந்தி கையால யாராச்சும் கூலி வாங்குவாங்களா?"

சம்பந்தி என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க நான் என்ன பாடுபட்டிருக்கிறேன். கேட்டபோது சந்தோசப்படக்கூட நேரமில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். அந்த மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலடி வைத்தால் இரண்டடிதான் போகும். இரண்டு தரம் விழுந்து, வாயெல்லாம் மணலோடு சம்மாட்டிக்கு முன்னால் போய் நின்று, கூலி, வயல், சம்பந்தி என்று தலையும் வாலும் இல்லாமல் கொட்டினேன். தோணிப் பக்கம் நின்றவர் கிட்ட வந்தார்.

சம்மாட்டி கேட்டு முடித்தார். முதலில் சிரிப்பு வரவில்லை அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வந்து சேர்ந்தார். "ஐயா, இது கூலி இல்லை" என்றார் சம்மாட்டி. "எங்கட கரையில கை வைச்ச ஆள் வெறுங்கையோட போனா எங்களுக்குத்தான் மனம் பொறுக்காது. நீங்கள் வாங்காமல் போனவுடன, பெடியன வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள் எண்டெல்லோ நினைச்சிட்டம்."

அப்பாவின் முகம் சிறுத்துப்போனது. "ஐயையோ, நான் அப்பிடி நெனைக்கலீங்க" என்று அங்கே நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு பையின் வாயை அவிழ்த்தார். வாடிக்குள் இருந்து ஒரு சருவச்சட்டி வந்தது. அரிசி முழுவதையும் அதில் கொட்டினார். ஓரத்தில் ஒட்டியதையும் தட்டிவிட்டார். வெறும் பையை விரித்துச் சம்மாட்டிக்கு முன்னால் பிடித்தார்.

"அப்ப இதுல போடுங்க."

நாலு பாரை பத்தாகி, அதற்கு மேல் சாளையும் விழுந்தது. போதும் போதும் என்று அப்பா சொன்னதை யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழி முழுக்கப் பையில் இருந்து மீன் தண்ணீர் என் காலில் ஒழுகியது. பாலத்தில் கேட்டேன், "கடல் எப்பிடிப்பா?"

"பெரிசுதான்" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஆனா அந்தத் தம்பி கயித்த உட மாட்டான்" என்றார். சம்மதமா என்று நான் நேராகவே கேட்டதற்கு, அறுவடை முடியட்டும் என்றார். பிடிவாதத்தில் எனக்கு அவர்தான் தகப்பன்.

மாசியில் அறுவடை. மெசின் வந்து வெட்டிவிட்டுப் போனது. வீதியோரம் நெல்லைக் காயப் போட்டோம். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாலையில் இருந்து முதல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். கடையில் மூன்று தரம் மாற்றிய அதே சேட். யாரையும் கேட்காமல் அதைக் கழற்றி வேலியில் போட்டார், அப்பா செய்வதைப் பார்த்துக் காலால் நெல்லைக் கிளறினார், கிளறிய நெல்லைச் சாக்கில் கட்டினார். நெல் சுணையில் உடம்பு முழுக்கத் தடித்துச் சொறிந்துகொண்டே நின்றார். வெட்கம்கெட்டு நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். கடைசிச் சாக்கு உள்ளே போனதும் தூறல் தொடங்கியது.

கூலிக்கு வந்த இரண்டு பேரும் முற்றத்தில் நின்றார்கள். அவரும் அவர்களுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா முதல் ஆளுக்குக் கூலி கொடுத்தார். இரண்டாம் ஆளுக்கும் கொடுத்தார். அடுத்து நின்றவர் அவர்தான். அப்பா அவரைக் கடந்து கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்து, முகத்தைத் துடைக்கச் சொல்லி, துடைத்ததும் அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பஸ்சுக்கு நேரமாச்சு தம்பி. போயிட்டு வாங்க."

ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு பிடி நெல்கூடக் கொடுக்கவில்லை. ஒழுங்கை முனைவரை கூடப் போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நின்றார். பஸ் எங்கள் வாசலைத் தாண்டும்போது அவர் ஜன்னலால் இரண்டு கையையும் வெளியே நீட்டி, மழையில் விரித்து எனக்குக் காட்டினார். இரண்டும் வெறுங்கை. சிரித்துக்கொண்டே போனார்.