நெடுக்கா குறுக்கா: ஒரு புளியங்கட்டையின் வழக்கு

அருப்புக்கோட்டையில் என் கடைசல் பட்டறை வாசலில் அந்தப் புளிய அடிமரத்தை டிராக்டரிலிருந்து உருட்டிவிட்டபோது, கீழே சிமெண்டுத் தளம் கீறிவிட்டது. கொண்டுவந்தவர் தளத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆம்பளைக யாரும் இல்லையாம்மா?"

அப்பாவுக்குப் பிறகு இந்த மெஷினை ஓட்டுகிறவள் நான்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன். "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் பெயர் தனபால். டவுனில் ஜவுளிக்கடை. பந்தல்குடி ரோட்டில் அவர் தோட்டத்து ஓரம் நின்ற புளி, காற்றில் சாய்ந்துவிட்டது. புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். மரத்தை நெடுக்கப் பலகையாக அறுத்து, இரண்டு பலகைக்கு நடுவே ரெசின் என்கிற, கண்ணாடி மாதிரி இறுகும் நீலப் பிசினை ஊற்றி மேசை செய்கிறார்கள். நதி மேசையாம்.

"ஹால்ல போடணும். வாரவுக அசந்துரணும்."

குடிதண்ணீரை லாரியில் வாங்கி ஊற்றுகிற ஊர் இது. இங்கே ஒருவருக்கு ஹாலில் நதி ஓட வேண்டியிருக்கிறது, அதுவும் பிளாஸ்டிக் நதி.

நான் கட்டையைச் சுற்றி வந்தேன். மேல்முனையில் பொந்து. நீளக் கம்பியை விட்டுப் பார்த்தேன். பாதி தூரத்துக்கு மேல் உள்ளே போனது. அடிப்பக்கம் மட்டும் கெட்டி. ஊதாக் கறுப்பில் நல்ல வைரம் பாய்ந்த நடுமரம். ஈரம் இன்னும் வற்றவில்லை.

"நெடுக்க அறுத்தா பொந்து பூராப் பலகையிலயும் வரும். ஈரப் பலகை வெயிலுக்கு முறுக்கிக்கிரும். குறுக்க அறுத்து அடிக்கட்டையைத் தனியா எடுத்துட்டா, அதுல எம்புட்டோ சாமான் கடையலாம்" என்றேன்.

"ஒங்ககிட்ட யோசனை கேக்கலம்மா. வேலைதான் சொன்னேன்."

"சரி. வெட்டு முகத்துக்குப் பெயிண்டாச்சும் அடிச்சுருறேன். இல்லைன்னா வெடிச்சுரும்."

"தொடாதீக, கலரு மாறிரும். மதுரையில இருந்து டிசைனர் வாராரு. அவரு பாத்து கோடு போடுவாரு."

டிசைனர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பட்டறை வாசலில் நிழல் என்று ஒன்று கிடையாது. அடிமுனையில் நகக்கீறல் மாதிரி இருந்த வெடிப்பு, அடுத்த நாள் காசைச் செருகும் அளவுக்கு விரிந்தது. அது கெட்டியான அடிப்பக்கத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்தால், "டிசைனர் பிசிம்மா, பொறுங்க" என்றார் தனபால். மனிதர் பொறுக்கலாம். ஈர மரம் பொறுக்காது.

அவர் மரம், தொட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அத்தனை வருஷம் நின்ற வைரம், வராத டிசைனருக்காக என் கண் முன்னே விறகாகிக்கொண்டிருந்தது. செயின் ரம்பக்காரர் மாரியைக் கூப்பிட்டேன்.

"ஓனரு சொல்லிட்டாராக்கா?" என்று கேட்டார் மாரி.

"நான் சொல்றேன். அறு."

பொந்துப் பகுதியை அறுத்து ஒதுக்கி, வெடித்த முனையைச் சீவித் தள்ளினோம். கெட்டிப்பகுதியில் குறுக்கே இரண்டு தடித்த கட்டைகள் எடுத்தோம். மிச்சத்தை நடுக்குருத்து வழியாக நாலாகப் பிளந்தோம். குருத்தை முழுசாக விட்டால் அங்கிருந்துதான் வெடிக்கும். பிளந்துவிட்டால் கடைசலுக்கு ஆகும். முகத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்து உள்ளே அடுக்கும்போது தனபாலின் கார் வந்து நின்றது.

"யாரைக் கேட்டு அறுத்தீக?"

தெருவே திரும்பிப் பார்த்தது. வெடித்த துண்டை எடுத்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"எத்தனை வருஷத்து மரம் தெரியுமா? அதை இப்பிடித் துண்டு போட்டு வச்சிருக்கீக!"

காரிலிருந்து அவர் மனைவி ஈஸ்வரி இறங்கினார்.

"எதுக்குச் சத்தம் போடுறீக? வேணாம்னு சொல்லத்தான வந்தோம்?"

நான் தனபாலைப் பார்த்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"வாஸ்துக்காரர் புளி வீட்டுக்குள்ள ஆகாதுன்னுட்டாரு. வேணாம்னு சொல்ல வந்தேன். அதுக்காக நீங்க அறுத்துருவீகளா?"

மரத்தில் கம்பி விட்டுப் பார்த்துச் சொன்னவள் நான். என் பேச்சு ஏறவில்லை. மரத்தையே பார்க்காத ஒருவர் ஒரு வார்த்தை சொன்னதும் நதி வற்றிவிட்டது.

"நானும்தான் வேணாமுன்னு கத்துனேன்" என்றார் ஈஸ்வரி என்னிடம். "அம்புட்டுப் பெரிய மேசையைத் தெனமும் தொடைக்கிறது யாரு? அதை ஒருத்தரும் கேக்கல."

பிறகு பிளந்த துண்டுகளைத் தடவிப் பார்த்து, "இதுல ஒரு மத்து கடைஞ்சு குடுப்பீகளாக்கா?" என்றார்.

"புளி ஆகாதுன்னு இப்பத்தான் சொன்னேன்!" என்றார் தனபால்.

"ஹாலுக்குத்தான ஆகாது? அடுப்படியைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலையே."

மரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையை வீசிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார் தனபால். தடித்த கட்டை இரண்டையும் வீரசோழன் ஊர்க் கறிக்கடை பாய், சுற்றி இரும்புப் பட்டை அடித்து எடுத்துப்போனார். கறி வெட்டப் புளியை மிஞ்சிய கட்டை இல்லை. ஈஸ்வரியின் மத்து, துண்டு காய்ந்த பிறகு கடைந்தாகி அவர் அடுப்படிக்குப் போனது.

கடைசல் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மரம் வந்து இறங்கியதும் முதல் வேலையாக வெட்டு முகத்துக்குப் பெயிண்ட் அடியுங்கள். கலர் மாறும் என்று யார் கத்தினாலும் சரி. அப்புறம், பணம் கொடுக்கிறவரிடம் மட்டும் பேசி அளவு எடுக்காதீர்கள். அந்தச் சாமானோடு தினமும் மல்லுக்கட்டப் போகிறவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். 'அவுக எதுக்கு?' என்று கேட்டால், மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள்.