அஜீசுன்னிசாவின் பன்னிரண்டு குச்சிகள்

காவிரிக் கடைமடைக்காரர் கையில் ஒரு செடியைக் கொடுத்துப் பாருங்கள், முதலில் வரப்பு கட்டுவார். தருமபுரத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் குஞ்சிதபாதம் இரண்டே வருடத்தில் இருபத்து நான்கு மரக்கன்றுகளைச் சம்பா நாற்றாகப் பாவித்து, நீரில் நிறுத்தி, வேர் அழுகக் கொன்றவர். பழி தோட்டக்காரிகள் மேல் விழுந்தது. இருவருக்கு வேலை போயிற்று.

மூன்றாவதாக வந்தவர் அஜீசுன்னிசா. மரம் பிழைத்தால்தான் வேலை நிரந்தரம் என்பது பேச்சு. பதினோரு வருடம் குவைத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தவர். தண்ணீர் மேல் நமக்குள்ள பாசம் அவருக்குக் கிடையாது.

மாசியில் கள்ளிமந்தாரைக் கிளைகள் பன்னிரண்டை வெட்டி, பால் வடியவிட்டு, நிழலில் பத்து நாள் போட்டுவைத்தார்.

"ஏம்மா, இது நடுறதுக்கா, அடுப்பெரிக்கவா?"

"வெட்டுன எடம் காயணுங்க தலைவரே. ஈரத்தோட நட்டா அழுவிப்போயிரும்."

மணலும் உடைசெங்கல்லும் கொட்டி, தெரு நெடுக முழங்கால் உயர மேடுகள் கட்டி, நல்ல வெயிலில் நட்டார். வாரம் ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் தெருவே குளமானபோதும் மேடுகள் நனைந்து வடிந்து நின்றன. மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. தலைவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"செத்துப்போச்சு. புடுங்கிருவோம். அந்தம்மாவையும் அனுப்பிருவோம்" என்றார் தைமாதக் கூட்டத்தில்.

அஜீசுன்னிசா எல்லோரையும் தெருவுக்கு அழைத்துப்போய், ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

"தூங்குதுங்க. சித்திரை வரைக்கும் பொறுங்க. ஒண்ணு பூக்கலைன்னாலும் நானே போயிடறேன்."

"நீதாம்மா சொன்னே. நான் சொல்லலை."

பங்குனி வெயிலில் இலைக்கு முன்னால் பூ வந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். சித்திரை பிறந்தபோது பதினொன்று பூத்திருந்தன. தலைவர் வீட்டு வாசலில் இருந்த பன்னிரண்டாவது மட்டும் கொழகொழவென்று சாய்ந்து கிடந்தது. தலைவர் கூட்டம் கூட்டிவிட்டார்.

"சொன்ன சொல் என்னாச்சும்மா?"

பதில் அவர் மனைவி கமலாம்பாளிடமிருந்து வந்தது. "அவங்களை ஏன் கேக்குறீங்க? நீங்கதானே தெனம் விடியக்காலம் ஒரு வாளி ஊத்துனீங்க!"

"வாடிக் கெடந்துச்சு... மனசு கேக்கலை" என்றார் தலைவர்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. வேலை நிரந்தரம் என்ற தீர்மானத்தை அவரே எழுத வேண்டியதாயிற்று. அஜீசுன்னிசா எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை சம்பளத்தோட லீவுன்னும் சேத்துக்கங்க தலைவரே."

சேர்த்துக்கொண்டார்.