மூன்று மூட்டைக் குச்சிக்கிழங்கும் ஐந்து நட்சத்திரமும்

என் காருக்குப் பாதுகாப்புப் போதவில்லை என்று நினைத்து, அதில் மூன்று மூட்டைக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து இறங்கியவன் நான். கிழங்கு விற்பதற்கல்ல, விருந்துக்கல்ல, எடைக்கு. போதாக்குறைக்கு, பின்சீட்டில் வைத்த இரண்டு மூட்டைகளுக்கும் சீட் பெல்ட் வேறு போட்டுவிட்டேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். நூலகத்தில் வேலை பார்ப்பதால்தான் செய்தேன். ஒரு விஷயத்தைச் சரியாகப் பாதி மட்டும் படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

கார் வாங்கியதே மனைவிக்காகத்தான். நான் ஆலத்தூர் நாடு, அவள் வாழவந்தி நாடு, இரண்டும் மலைமேல் உள்ள ஊர்கள். பிழைப்பு நாமக்கல்லில். மாதம் ஒரு தடவையாவது அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்வர வேண்டும். போகாவிட்டால் அவளுக்கு உடம்புக்கு ஆகாது. அவளுக்கு ஆகாவிட்டால் எனக்குச் சோறு ஆகாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறாளே என்று பரிதாபப்பட்டு, சேமிப்பைத் துடைத்து வழித்து ஒரு கார் வாங்கினேன். சின்னக் கார்தான். ஆனால் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஐந்துக்கு மேல் நட்சத்திரமே கிடையாது. வாழ்க்கையில் எதிலும் முழு மார்க் வாங்காத எனக்கு, நான் வாங்கிய பொருளாவது வாங்கியிருக்கிறதே என்று ஒரு நிறைவு.

அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தேங்காய் வாங்குகிறவள் மாதிரி கதவை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தினியூண்டு இருக்குது. எதுக்க பஸ்ஸு வந்து முட்டுனா?"

"அஞ்சு ஸ்டாரு புள்ள."

"பஸ்ஸுக்கு எத்தனைங்க?"

"பஸ்ஸுக்கு அதெல்லாம் போடறதில்ல."

"அப்ப ஸ்டாரே இல்லாத பஸ்ஸும் அஞ்சு ஸ்டாரு காரும் முட்டிக்கிச்சுன்னா, ஆஸ்பத்திரிக்கு எது போவும்?"

"படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான்.

வாதத்தில் ஜெயிப்பதற்காகத்தான் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அவள்தான் ஜெயித்துக்கொண்டு வந்தாள். நேருக்கு நேர் மோதலைச் சோதிக்க, காரை ஒரு தடுப்பின்மேல் மோதவிடுகிறார்கள். அது ஏறக்குறைய தன்னைப் போலவே எடையுள்ள இன்னொரு காரோடு முட்டிக்கொள்வதற்குச் சமமாம். ஆகவே, ஒரே அளவும் ஒரே எடையும் உள்ள வண்டிகளுக்குள்தான் நட்சத்திரத்தை வைத்து ஒப்பிட முடியும். எங்கள் பக்கம் கபடிப் போட்டியை எடை பார்த்துப் பிரித்துத்தான் நடத்துவார்கள். குறைந்த எடைப் பிரிவில் கோப்பை வாங்கிய பையன், கோப்பையைத் தூக்கிக் காட்டியே பெரிய எடைக்காரனைப் பிடித்துவிட முடியாது. என் கார் அந்தப் பையன். கனத்த வண்டியும் லேசான வண்டியும் மோதினால், கனத்தது கொஞ்சம் தயங்கி நிற்கும். லேசானது வந்த வழியே திரும்பிப் போகும். அந்த வித்தியாசத்தை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எலும்பு வாங்கிக்கொள்ளும். பெரிய வண்டிகளுக்கு முன்பக்கமும் நீளம், நசுங்குவதற்கு இடமிருக்கிறது. என் கார் என் மூக்குக்குச் சற்றுத் தள்ளி முடிந்துவிடுகிறது.

இவ்வளவையும் மறைக்காமல் மனைவியிடம் ஒப்பித்தேன். நேர்மைக்குக் கூலி உடனே கிடைத்தது.

"அதத்தானுங்க நானும் சொன்னேன். நோம்பிக்கு நான் பஸ்ஸுலயே போறேன். நீங்க கார்ல வாங்க."

நோம்பி என்பது அவள் ஊர்க் கோயில் திருவிழா. அன்று அவள் பஸ்ஸில் ஏறினாள். நான் காரில் பின்தொடர்ந்தேன். அவள் செய்த பலகாரத் தூக்கை மட்டும் என் பக்கத்து சீட்டில் வைத்தாள், பஸ்ஸில் நசுங்கிவிடும் என்று. முறுக்கைப் பொறுத்தவரை என் கார்தான் பாதுகாப்பானது. அவள் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்து, நானும் தூக்கும் வருகிறோமா என்று சரிபார்த்துக்கொண்டே வந்தாள். தாலி கட்டியவனும் கட்டிக்கொண்டவளும் ஒரே ஊருக்கு ஒரே வேகத்தில் போனோம். நடுவே டீசல் புகை மட்டும் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அவள் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இந்த மலையில் ஏற வேண்டும். அவளுக்காக வாங்கிய காரில் முறுக்கை உட்கார வைத்து ஓட்டுவது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மலைமேல் பஸ் வந்து நிற்கும் செம்மேட்டில் அவள் அண்ணன் ஜீப்போடு காத்திருந்தார். பஸ்ஸிலிருந்து தங்கையும் காரிலிருந்து நானும் தனித்தனியாக இறங்குவதைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, ரெண்டு பேருக்கும் சண்டைங்களா?"

"இல்லீங்க மச்சான். எடைதான் பிரச்சினை."

"ஆரு எடைங்க?" என்று தங்கையை ஒரு பார்வை பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் சட்டென்று ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தடுப்பு, கபடி, எலும்பு என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் 'உம்' கொட்டிக்கொண்டே ஜீப்பின் பின்பக்கம் இரண்டு மண் மூட்டைகளைத் தூக்கிப் போட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"காலி வண்டி மண்ணு ரோட்டுல குதிக்குமுங்க. பாரத்தப் போட்டாத்தான் அடங்கும்."

அடங்கும். அந்தச் சொல் எனக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அடக்கத்தைப் பற்றி நம் மொழியில் எவ்வளவு உயர்வாகச் சொல்லியிருக்கிறார்கள்! என் காருக்குக் குறை என்ன? எடை. எடை என்ன கடையில் கிடைக்காத பொருளா? இந்த மலையில் மூட்டை மூட்டையாக விளைகிறதே! எடையைக் கூட்டினால் கார் மேல் வகுப்புக்குப் போய்விடும். போனால் ஐந்து நட்சத்திரமும் மேல் வகுப்பு நட்சத்திரமாகிவிடும். நோம்பியில் எல்லாரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் திட்டத்தைச் சொன்னேன். அவள் கிழங்கைப் பற்றித்தான் யோசித்தாள். அண்ணன் காட்டில் விளையும் குச்சிக்கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதும் தொல்லைதான்.

"செரி, கெழங்கும் வந்தாப்புல இருக்கும். உக்காரறேன்."

உட்கார்ந்தாள்! பெல்ட்டும் போட்டாள். மச்சான் டிக்கியில் ஒன்று, பின்சீட்டில் இரண்டு என்று மூட்டைகளைத் திணித்துவிட்டு, "பாத்துப் போங்க மாப்ள, கெழங்கு பத்திரமுங்க" என்றார். தங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கார் அடங்கத்தான் செய்தது. பின்பக்கம் தரையோடு அடங்கிவிட, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸ்டியரிங், யாரோ வேறு ஒருவருடைய காரைத் திருப்புவது போல லேசாகச் சுற்றியது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மிதிக்க, கார் அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டது.

"ஏனுங்க, என்னமோ தீயற வாசம் வருது."

"கீழ ஆரோ சருகு கொளுத்தறாங்க."

இன்னும் இரண்டு வளைவு போனோம்.

"சருகு நம்ம கூடவேங்களா வருது?"

ஓரமாக நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. அப்போதுதான் பாக்கிப் பாதி எனக்கு விளங்கியது. கார் தன் சொந்த எடையைத் தாங்கி நசுங்கும்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மேலே ஏற்றிய பாரம் அதற்குச் சதை அல்ல, சுமை. அதே பிரேக்தான் அதையும் நிறுத்த வேண்டும். அதே முன்பக்கம்தான் அதன் அடியையும் வாங்க வேண்டும். முட்டினால், பின்சீட்டு மூட்டைகள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர முயற்சி செய்யும். அவற்றுக்கு வழி எங்கள் முதுகு.

பின்னாலேயே பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மூட்டைக்கெல்லாம் பெல்ட்டு போட்டிருக்கறீங்க?"

"பாதுகாப்புக்கு" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். "அவரு நெறையப் படிச்சவருங்க" என்றாள். அவருக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நான் இதுலயே போயிடறேன். நீங்க வண்டிய ஆற வெச்சிட்டு மெதுவா வாங்க." கிழங்கும் அவளோடு போவதாக முடிவாயிற்று. கண்டக்டர் மூட்டைகளை இறக்கி ரோட்டில் வைத்தார். பஸ் போவதற்கு வழிவிடலாமே என்ற நல்லெண்ணத்தில் நான் காரைக் கொஞ்சம் முன்னால் உருட்டினேன். ஒரு மூட்டை காருக்கு முன்னால், என் கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருந்திருக்கிறது. பொத்தென்று ஒரு சத்தம். பம்பரின் மூலை விரிந்து தொங்கியது.

கண்டக்டர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க சார், மூட்டைக்கு ஒண்ணும் ஆவலீங்க."

தன் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எதிரியிடம் என் கார் தோற்றதை ஒரு பஸ் நிறைய ஜனங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அடி வாங்கி விட்டுக்கொடுப்பதுதான் பம்பரின் வேலை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு நட்சத்திரப் பேச்சையே விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை மட்டும் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்: சின்னக் காருக்குப் பெரிய பாதுகாப்பு, முட்டாமல் இருப்பதுதான், அதனால் இனிமேல் காலி வண்டி, சின்ன கியர், வளைவுக்கு வளைவு ஹாரன். அவள் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் மலைக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் போனவள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். பேசாமல் முன்சீட்டில் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். காரணம் கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று உடனே வண்டியைக் கிளப்பினேன். மாட்டு வண்டி வேகத்தில் ஏறினேன். பாதி மலையில் அவள் கண்ணயர்ந்தாள். வாதத்தில் தோற்றாலும் உண்மையைச் சொன்னவன் கடைசியில் ஜெயிக்கிறான் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. ஒரு வளைவில் தேவையில்லாமல்கூட ஹாரன் அடித்தேன்.

செம்மேட்டில் மச்சான் காரின் கதவைத் திறந்துவிட்டுத் தங்கையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஏம் புள்ள, கார்லயா வந்த? பயம் தெளிஞ்சிருச்சா?"

அவள் தூக்கை அவரிடம் நீட்டினாள்.

"இல்லீங்கண்ணா. இன்னிக்குப் பஸ்ஸு ரிப்பேரு."