அப்பா எழுதிக் கொடுத்த பாதி வீடு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் பெற்றோருக்கு இரண்டாம் முறையாகக் கல்யாணம் ஆனது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

உண்மையில் அதற்கு முந்தைய வாரம்தான் அவர்களுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம். அதனால் ஒரு வருடமாக அங்கேயே தங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இருவருக்கும் இடையே தீராமல் மிச்சமிருந்தது ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு. அது இருவர் பெயரிலும் இருந்தது. விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அப்பா, தன் பாதியை எனக்கு உயில் எழுதி வைப்பதாகச் சொல்லியனுப்பினார். அதைத் தடுத்தது அப்பாவின் அக்காவான என் அத்தை. எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவை வைத்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டார்.

“உயிலெல்லாம் வேண்டாஞ் சாமி. நாளைக்கு உனக்கு இன்னொரு குடும்பம்னு வந்தா மாத்தி எழுதச் சொல்லுவாங்க. நீயும் எழுதிப்போடுவே. இப்பவே புள்ள பேர்ல செட்டில்மென்ட் பண்ணிப்போடு.”

எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. “நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போறோம்” என்று அம்மா சொன்னது மட்டும் நன்றாக விளங்கியது. சித்தியின் கல்யாணம் அங்கேதான் பதிவாகியிருந்தது. பட்டுப்பாவாடைதான் கட்டுவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என்ன நினைத்தாரோ, கட்டிவிட்டுத் தலையில் பூவும் வைத்துவிட்டார்.

ஆபீஸ் வாசலில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி நின்றிருந்தது. எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. உள்ளே அப்பாவையும், என் சார்பில் அம்மாவையும் உட்காரவைத்துப் படமெடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். அப்பா பக்கம் அத்தை, அம்மா பக்கம் அவருடன் பிறந்த மாமா சாட்சி. ஒரு வருடமாகப் பேசாமலிருந்த அத்தையும் மாமாவும் ஒரே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பதிவாளர் அப்பாவைப் பார்த்து, “எழுதிக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, தெரியுமுங்களா? முழுச் சம்மதந்தானுங்களே?” என்று கேட்டார்.

அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார். “சம்மதமுங்க” என்றார்.

நான் கைதட்டினேன். முதலில் மாமா சிரித்தார், பிறகு பதிவாளர். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோருமாக ஓட்டலில் சாப்பிட்டோம். அம்மா மறுபடி சோறு கேட்டு வாங்கி ரசம் ஊற்றிக்கொண்டார். அத்தையும் மாமாவும் பஸ் ஏறிய பிறகு, அப்பா எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார்.

“உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்” என்றார் அம்மா.

அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

“காப்பி நல்லா இருந்துச்சுங்க. அப்ப நான் வாரனுங்க.”

அம்மாவிடம் அப்பா ‘ங்க’ போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். புது மாப்பிள்ளை, அதனால்தான் இவ்வளவு மரியாதை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறத்தியார் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அப்படித்தான் விடைபெறுவார்கள் என்பது அப்போது தெரியவில்லை.